வார்டு எல்லை ஆற்றைத் தாண்டினால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் கொரடாச்சேரி பக்கம், வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊராட்சி. ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் தென்கரையில். வடகரையில் மேலத்தெரு, கீழத்தெரு என்று நாங்கள் இரண்டு தெரு. போன தடவை வார்டு பிரித்தபோது எங்களைத் தென்கரைப் பிள்ளையார் கோயில் தெருவோடு சேர்த்து 4-ஆவது வார்டு ஆக்கிவிட்டார்கள். படத்தில் பார்த்தால் பக்கம்தான். வண்டியில் வர மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். இருப்பது ஒரு நடைபாலம், ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதுவும் இல்லை. ஜெயித்த மெம்பர் தென்கரைக்காரர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக்கூட நாங்கள்தான் பாலம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அப்புறம் வார்டு, தொகுதி எல்லாம் மறுபடி பிரிப்பார்களாமே? எங்களிடம் கேட்பார்களா? மனு யாரிடம் கொடுப்பது, எப்படி எழுதுவது? போன தடவை எங்கள் ஊரிலிருந்து ஒரு மனுவும் போகவில்லை. இப்போது ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் ஒன்று கொடுத்து ரசீது வைத்திருக்கிறேன். வடகரையில் அங்கன்வாடிக் கட்டடம் இருக்கிறது, ஓட்டுச்சாவடியை அங்கே வைக்க முடியாதா? கோர்ட்டுக்குப் போகலாமா? எங்கள் தெருப் பையன்கள் “ஓட்டே போடாமல் விட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்” என்கிறார்கள். என் மகன் வரைந்த படமும், ஊராட்சிச் செயலரிடம் வாங்கிய தெருவாரிக் கணக்கும் இத்துடன் இருக்கிறது.
— மகளிர் குழுத் தலைவி ஒருவர் (பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: அம்மா, வணக்கம்.

கேட்பார்கள். சட்டப்படி கேட்டே ஆக வேண்டும். ஆனால் வீடு தேடி வந்து கேட்க மாட்டார்கள். ஒன்றிய அலுவலகத்தில் ஒரு வரைவை ஒட்டுவார்கள், ஒரு கடைசித் தேதி போடுவார்கள், அந்தத் தேதிக்குள் எழுத்தில் என்ன வந்ததோ அதைத்தான் பார்ப்பார்கள். போன தடவையும் அப்படித்தான் நடந்தது. 2017-இல் இதற்கென்றே மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டு, மாநிலத் தேர்தல் ஆணையரைத் தலைவராக வைத்து மறுவரையறை ஆணையம் அமைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் வரைவு வெளியானது. ஆட்சேபணை சொல்லக் கிடைத்தது புத்தாண்டை ஒட்டிய சில நாட்கள். டெல்டாவில் சம்பாக் கதிர் முற்றி நிற்கிற நேரம் அது. வயலை விட்டுவிட்டு யார் போய் நோட்டீஸ் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? உங்கள் ஊரிலிருந்து ஒரு மனுவும் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த எல்லையை வைத்துத்தான் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தும் போனது.

ஆகவே இந்தத் தடவை வரைவு வருவதற்கு முன்பே உங்கள் காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும். வரைவு ஒட்டிய பிறகு கூடிப் பேசத் தொடங்கினால், பேசி முடிப்பதற்குள் தேதி போய்விடும். எப்படித் தயாராவது என்பதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் வாக்குச்சாவடி, ஊராட்சி வார்டு, சட்டமன்றத் தொகுதி மூன்றும் கலந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் எல்லை போடுகிறவர்கள் வேறு வேறு. ஒன்றுக்கான மனுவை இன்னொன்றுக்கான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சாவடி சுலபம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான சாவடிப் பட்டியல் மாவட்டத் தேர்தல் அலுவலர் என்ற முறையில் ஆட்சியர் கையில் இருக்கிறது. வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது, ஆறு, ஓடை மாதிரி இயற்கைத் தடையைத் தாண்ட வைக்கக் கூடாது என்பது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வரைவுப் பட்டியல் வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். வடகரையில் அங்கன்வாடிக் கட்டடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் படம், சாய்தளம், மின்சாரம், கழிப்பறை உண்டா என்ற விவரம், நடைபாலம் மூழ்கிய நாளில் எடுத்த படம் ஒன்று, இவற்றை வைத்துக் கேளுங்கள். ஊராட்சித் தேர்தலுக்குச் சாவடி வேண்டுமென்றால் அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை. மனுவும் தனியாகப் போக வேண்டும். இரண்டு ஆணையமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, வார்டுக்கு வருவோம். உங்கள் குறை அங்கேதான் இருக்கிறது.

வார்டு பிரிக்கிற அதிகாரிக்கு முன்னால் இருக்கிற முதல் கட்டாயம், ஒவ்வொரு வார்டிலும் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. வாக்காளர் எண்ணிக்கை அல்ல, மக்கள்தொகை. கைக்குழந்தையும் அதில் சேர்த்தி. நிறையப் பேர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடப் போய் முதல் நிமிடத்திலேயே மடங்கிவிடுகிறார்கள். ஊரின் இயல்பான எல்லை, ஆறு, சாலை, மக்களின் வசதி எல்லாம் இந்த எண்ணிக்கைக்கு உட்பட்டுத்தான் வரும். அநேகமாக உங்கள் ஊரிலும் தெருவாரியாக எண்ணிக்கொண்டே வந்து, எண் நிரம்பவில்லை என்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தெருவை எடுத்து ஒட்டியிருப்பார்கள். மேசையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வெட்டாறு ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஊராட்சியின் மக்கள்தொகை 2,340. வார்டு 9. ஆக, சராசரி 260. 4-ஆவது வார்டில் வடகரை மேலத்தெருவும் கீழத்தெருவும் 170 பேர், தென்கரைப் பிள்ளையார் கோயில் தெரு 110 பேர், மொத்தம் 280. சராசரியை விட 20 தான் கூடுதல். அதிகாரியின் கண்ணுக்கு இது பழுதே இல்லாத வார்டு.

இப்போது நீங்கள் “எங்கள் இரண்டு தெருவையும் தனி வார்டாக்குங்கள்” என்று எழுதினால் என்ன ஆகும்? 170 பேருக்கு ஒரு மெம்பர். சராசரியில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. தென்கரையில் ஒருவர் போடும் ஓட்டை விட உங்கள் ஓட்டுக்குக் கனம் அதிகமாகிவிடும். அதிகாரி அதைப் படித்ததும் ‘ஏற்பதற்கில்லை’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த மனுவை எடுப்பார். அதில் அவர் மீது குற்றமும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் மகன் வரைந்த படத்தைப் பார்த்தேன். நன்றாக வரைந்திருக்கிறார், மதகு, நடைபாலம், களம் எல்லாம் இருக்கிறது. கடிதத்தில் வடகரையில் இரண்டு தெரு என்கிறீர்கள். படத்திலோ மூன்று இருக்கிறது. கிழக்கே கடைசியில், வாய்க்காலுக்கு அப்பால், ‘புதுத்தெரு (காலனி)’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். தெருவாரிக் கணக்கிலும் அது இருக்கிறது: 80 பேர். அவர்களும் அதே நடைபாலத்தில்தான் நடக்கிறார்கள், அதே மூன்று கிலோமீட்டர்தான் சுற்றுகிறார்கள். அவர்களைத் தென்கரை நடுத்தெருவோடு சேர்த்து 5-ஆவது வார்டில் போட்டிருக்கிறார்கள். அதாவது உங்களுக்கு நடந்தது அப்படியே அவர்களுக்கும் நடந்திருக்கிறது. ‘நாங்கள் இரண்டு தெரு’ என்று எழுதும்போது அவர்கள் எப்படி விட்டுப்போனார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது கணக்கு. அவர்கள் இல்லாமல் உங்கள் கணக்கு நிற்காது.

வடகரையின் மூன்று தெருவையும் சேர்த்தால் 250 பேர். சராசரிக்கு 10 தான் குறைவு. இது அழகான வார்டு: ஆற்றுக்கு ஒரு பக்கமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரே குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் பிடிக்கிற மூன்று தெரு. ஆனால் மனு இத்துடன் முடியவில்லை. ஒரு வார்டில் கோட்டை நகர்த்தினால் பக்கத்து வார்டு கலையும். அதையும் நீங்களே சரிசெய்து காட்ட வேண்டும். 5-ஆவது வார்டில் இருந்த 265 பேரில் புதுத்தெருவின் 80 போனால் மீதி நடுத்தெருவின் 185. அதில் உங்கள் வார்டிலிருந்து கழன்ற பிள்ளையார் கோயில் தெருவின் 110 பேரைச் சேர்த்தால் 295. அது கொஞ்சம் அதிகம். 6-ஆவது வார்டான கடைத்தெருவில் 230 பேர்தான் இருக்கிறார்கள். பிள்ளையார் கோயில் தெருவில் கடைத்தெருவை ஒட்டிய வரிசையில் ஒரு 30 பேரை அங்கே கொடுத்தால் 5-ஆவது வார்டு 265, 6-ஆவது வார்டு 260. முன்பு 280, 265, 230 என்று இருந்த மூன்று வார்டு இப்போது 250, 265, 260 ஆகிவிட்டது. மற்ற ஆறு வார்டைத் தொடவே இல்லை. இருந்ததை விட எண்ணிக்கையும் சமமாகியிருக்கிறது, எந்த வார்டும் ஆற்றைத் தாண்டவும் இல்லை.

இப்படி ஒரு மனு வந்தால் அதிகாரியால் சுலபமாகத் தள்ள முடியாது. தள்ளினால் காரணம் எழுத வேண்டும். காரணம் கிடைப்பது கடினம். “எங்களைப் பிரித்து அநியாயம் செய்துவிட்டார்கள்” என்று நாற்பது கையெழுத்தோடு போகும் மனுவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். முதல் மனு அதிகாரிக்கு ஒரு தலைவலியைக் கொடுக்கிறது. இரண்டாவது மனு அவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்து கொடுக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊராட்சியில் பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை எத்தனை பங்கோ அத்தனை பங்கு வார்டுகளை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243-டி பிரிவு. பொதுவாக, அவர்களின் விகிதம் அதிகமுள்ள வார்டுதான் ஒதுக்கீட்டுக்கு முன்னால் வரும். பட்டியல் சாதிக் குடியிருப்பான புதுத்தெருவின் 80 பேர் 265-இல் ஒரு பகுதியாக இருந்தபோது விகிதம் 30 விழுக்காடு. உங்களோடு சேர்ந்து 250-இல் 80 ஆனால் 32. மற்ற வார்டுகளின் கணக்கைப் பொறுத்து, இந்தப் புது வார்டு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படலாம். அதுபோக, பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இலிருந்து இருக்கிறது. ஆக, உங்கள் தெருவிலிருந்து யாரை நிறுத்தலாம் என்று இப்போதே ஒரு பெயர் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பெயர் நிற்க முடியாமலும் போகலாம். வடகரையில் குடியிருக்கும் ஒருவர் மெம்பராக வேண்டும் என்பதுதான் கோரிக்கையா, அல்லது இந்த இரண்டு தெருவில் குடியிருக்கும் ஒருவர்தான் வேண்டுமா? மனு எழுதுவதற்கு முன் இதை உங்களுக்குள் பேசி முடித்துவிடுங்கள். பின்னால் ஒதுக்கீடு வந்ததும் ‘எங்களைப் பழைய வார்டிலேயே சேருங்கள்’ என்று இன்னொரு மனு போனால், இரண்டு மனுவும் குப்பைக்குப் போகும்.

புதுத்தெருக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள். கையெழுத்து வாங்குவதற்காகப் போகாதீர்கள். கலந்து பேசப் போங்கள். அவர்களுக்கு நடுத்தெருவோடு இருப்பதில் ஏதாவது ஆதாயம் இருக்கலாம், உங்களோடு சேர்வதில் தயக்கமும் இருக்கலாம். ஓர் ஊரில் பட்டியல் சாதிக் குடியிருப்பை இரண்டு மூன்று வார்டுக்குப் பங்குபோட்டு எங்கும் அவர்கள் குரல் எழும்பாமல் செய்வதும் உண்டு. எல்லாரையும் ஒரே வார்டில் அடைத்து மற்ற வார்டுகளைத் தமக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டையும் அனுபவித்தவர்கள் கோடு நகர்கிறது என்றாலே சந்தேகப்படத்தான் செய்வார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் உங்கள் மனு வேறு மாதிரி எழுதப்பட வேண்டும். அவர்கள் சரி என்றால் மனுவில் முதல் கையெழுத்து அவர்கள் தெருவிலிருந்து இருக்கட்டும்.

மனுவின் நடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீளம் வேண்டாம், ஒன்றரைப் பக்கம் போதும். நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

“வரைவு அறிவிப்பில் கண்டுள்ள 4 மற்றும் 5-ஆவது வார்டுகள் வெட்டாற்றின் இரு கரைகளிலும் பரவியுள்ளன. வடகரையையும் தென்கரையையும் இணைக்க ஊராட்சி எல்லைக்குள் வாகனம் செல்லும் பாலம் இல்லை. வடகரையிலுள்ள மேலத்தெரு, கீழத்தெரு, புதுத்தெரு ஆகிய மூன்றும் தொடர்ச்சியான குடியிருப்புகள்; மக்கள்தொகை 250. இவற்றை ஒரே வார்டாக அமைத்து, அதனால் 5, 6-ஆவது வார்டுகளில் ஏற்படும் மாற்றத்தை இணைப்பு அட்டவணையில் உள்ளபடி சரிசெய்யக் கோருகிறோம். மற்ற வார்டுகளில் மாற்றம் தேவையில்லை.”

அதற்குக் கீழே அட்டவணை. வார்டு எண், இப்போதைய தெருக்கள், இப்போதைய மக்கள்தொகை, நாங்கள் கேட்பது, அதன் மக்கள்தொகை, சராசரியிலிருந்து எவ்வளவு வித்தியாசம். அப்புறம் கிராம வரைபடம். மகன் வரைந்த படம் எனக்குப் போதும், அவர்களுக்குப் போதாது. விஏஓவிடம் கிராம வரைபடத்தின் நகல் கேட்டு, அதன்மேல் இப்போதைய எல்லையைச் சிவப்பிலும் நீங்கள் கேட்பதைப் பச்சையிலும் போடுங்கள். தெருப் பெயரோடு சர்வே எண்ணும் கதவு எண்ணும் குறிப்பிடுங்கள். ‘மேலத்தெரு’ என்று மட்டும் எழுதினால், எந்த ஊரில்தான் மேலத்தெரு இல்லை? மெம்பர் வரவில்லை, குழாயைப் பார்க்கவில்லை என்பதையெல்லாம் மனுவில் சேர்க்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது அந்த மனிதரைப் பற்றிய புகார். எல்லை பற்றிய ஆட்சேபணை ஆகாது. அதைப் படித்ததும் இது உள்ளூர் அரசியல் என்று ஒதுக்கிவிட வழி கிடைக்கும்.

கிராமசபையில் ஒரு தீர்மானம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. வார்டு பிரிக்கும் அதிகாரம் கிராமசபைக்கு இல்லை. ஆனால் தென்கரைக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற சபையில் ஒரு கோரிக்கை எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்து, நகல் கேளுங்கள். வாயால் நிறைவேறி, புத்தகத்தில் ஏறாத தீர்மானங்கள் ஏராளம். கடைத்தெருவுக்குப் போகும் அந்த 30 பேரிடமும் முன்பே பேசிவிடுங்கள். அவர்கள் சபையில் எழுந்து ‘எங்களைக் கேட்காமல் எங்களை எப்படி மாற்றுவது’ என்றால், நீங்கள் இத்தனை நாள் சொன்னதை அவர்கள் உங்களிடமே திருப்பிச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே ஒரு மனு கொடுத்து ரசீது வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். வரைவு வந்த பிறகு, அதில் குறிப்பிட்ட தேதிக்குள், அதில் சொல்லியிருக்கும் அலுவலரின் பெயருக்குக் கொடுப்பது மட்டும்தான் ஆட்சேபணையாகக் கணக்கில் வரும். நேரில் கொடுத்து இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அதோடு பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் மூன்று தெருவிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் போதும். வேன் பிடித்து ஊரே போனால் பேச நேரம் கிடைக்காது.

முத்திரை வாங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் அடுத்த கேள்வியில் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகலாமா? வார்டு எல்லை சரியில்லை என்று மட்டும் சொல்லிப் போனால் கதவு திறக்காது. ஊராட்சித் தொகுதி வரையறை பற்றிய சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 243-ஓ பிரிவே சொல்கிறது. உத்தரப் பிரதேச ஊராட்சிகள் தொடர்பான ஒரு வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சந்து மட்டும் விட்டு வைத்தது: ஆட்சேபணை கேட்காமலும், விசாரிக்காமலும் எல்லை போட்டிருந்தால் வழக்குக்கு இடம் உண்டு, அதுவும் தேர்தல் அறிவிக்கை வருவதற்கு முன்னால். ஆகவே உங்கள் கையில் முத்திரையிட்ட ஆட்சேபணை நகல் இருந்து, அதை யாரும் பார்க்கவே இல்லை என்றால் என்னைப் போன்ற வழக்கறிஞரிடம் வாருங்கள். ஆட்சேபணையே கொடுக்காமல் எல்லை வெளியான பிறகு வந்தால் நான் ஃபீஸ் வாங்கிக்கொண்டு உங்களை ஏமாற்றியதாகத்தான் ஆகும். உங்கள் ஆட்சேபணையை என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

தொகுதிக்கு வருகிறேன். வார்டைப் போல இது அடிக்கடி மாறாது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952, 1963, 1973, 2002 என்று நான்கு முறைதான் இந்தியா முழுமைக்கும் மறுவரையறை ஆணையம் அமைந்தது. கடைசி ஆணையம், உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில், 2001 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட எல்லை 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் மொத்தம் 234 மாறவில்லை. ஆனால் மாநிலத்துக்குள் இடங்கள் நகர்ந்தன. டெல்டாவில் மக்கள்தொகை மெல்லத்தான் கூடுகிறது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விடுகிறார்கள். விளைவு, அன்றைய தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் 20 ஆக இருந்த தொகுதிகள் 18 ஆயின. வலங்கைமான், குத்தாலம், திருவோணம் என்று மூன்று பெயர் மறைந்தது, கீழ்வேளூர் புதிதாக வந்தது. குத்தாலத்தில் பெரியவர்கள் இன்னும் “எங்க தொகுதி” என்று பேசுவதைக் கேட்கலாம்.

அந்த ஆணையத்தை அமைத்த 2002 மறுவரையறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் படித்தால் உங்கள் கடிதத்தின் வரிகளே அதில் இருப்பது போலத் தோன்றும். நிலப்பரப்பு கூடியவரை கச்சிதமாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, பொதுமக்கள் வசதி எல்லாம் பார்க்க வேண்டும். முன்மொழிவை அரசிதழில் வெளியிட்டு, தேதி போட்டு, வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்து, அதற்காகப் பொது அமர்வும் நடத்த வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்பி, ஐந்து எம்எல்ஏ துணை உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவர்கள் மாற்றுக்கருத்து எழுதி, அதை வெளியிட வேண்டும் என்று கேட்டால், முன்மொழிவோடு அதுவும் அச்சாகும். உங்கள் எம்எல்ஏ அதில் இருந்தால் அவரிடம் போவது வீண் இல்லை.

அமர்வில் பேசுவது எடுபடுமா என்றால், அசாமைப் பாருங்கள். அங்கே 2023 ஜூன் 20-ஆம் தேதி வரைவு வந்தது. ஜூலையில் மூன்று நாள் குவாஹாத்தியில் பொது அமர்வு வைத்தார்கள். ஆகஸ்ட் 11-ஆம் தேதி இறுதி ஆணை. வந்த ஆலோசனைகளில் சுமார் 45 விழுக்காட்டை ஏற்றோம் என்று தேர்தல் ஆணையமே சொன்னது. மக்கள் கேட்டதால் தொகுதிகளின் பெயர்கள் சிலவும் மாறின. கட்சிகளுக்கு அதில் மனக்குறை நிறைய இருந்தது, அது வேறு. நான் கவனிக்கச் சொல்வது தேதிகளை. வரைவிலிருந்து இறுதி ஆணை வரை இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் கட்சிக்காரர்கள் கையிலிருந்து இந்த வேலையையே பிடுங்கி, பொதுமக்களிலிருந்து எடுத்த 14 பேர் குழுவிடம் 2008-இல் வாக்கெடுப்பு நடத்திக் கொடுத்தார்கள். ‘நாங்கள் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்’ என்று ஒவ்வோர் ஊரும் வந்து அந்தக் குழு முன்னால் சொல்லலாம். ஆனால் 2025 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு வைத்து, நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு மட்டும் அந்தக் குழுவின் வரைபடத்தை அவர்களே தற்காலிகமாக ஓரம் கட்டினார்கள். நம் நாட்டில் அப்படி மக்கள் குழு கிடையாது. இருக்கிற பொது அமர்வையாவது நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொகுதி எல்லைக்கும் கோர்ட் கதவு ஏறக்குறைய மூடித்தான் இருக்கிறது. ஆணையத்தின் உத்தரவு வெளியானால் சட்டத்துக்குச் சமம் என்று 1966-இலேயே தீர்ப்பு. 2024-இல் உச்ச நீதிமன்றம், வெளிப்படையாகத் தான்தோன்றித்தனமாக இருக்கும் உத்தரவை மட்டும் பார்க்கலாம் என்று கொஞ்சம் இளக்கியிருக்கிறது. ஓர் ஊரை இந்தத் தொகுதியிலிருந்து அந்தத் தொகுதிக்கு மாற்றியதை அந்த அளவுகோலில் நிறுவுவது சிரமம்.

இப்போது உங்கள் தெருப் பையன்களுக்கு. புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி அந்த 2008 உத்தரவில் காணாமல் போனது. அதன் ஊர்கள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்கு தொகுதிக்குப் பங்கு போயின. மாவட்டத் தலைநகரம், பழைய சமஸ்தானம், சும்மா விடுவார்களா? எதிர்ப்பு கிளம்பியது, கோரிக்கை தேர்தல்தோறும் எழுந்தது, நோட்டாவுக்குப் போடுவோம் என்ற பேச்சும் வந்தது. கோடு ஓர் அங்குலம் நகரவில்லை. உத்தரவு வெளியான பிறகு அச்சுப்பிழையைத் திருத்துவதற்கு மேல் செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம். உங்கள் இரண்டு தெருவும் ஓட்டுப் போடாவிட்டால் பிள்ளையார் கோயில் தெருக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய மெம்பரை இன்னும் சுலபமாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவ்வளவே நடக்கும். அந்தப் பையன்களுக்கு வேகம் இருக்கிறதல்லவா, தெருவாரிக் கணக்கெடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த எண்தான். 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்துக் கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளை ஊர்ப்பாசத்தில் ‘இங்கேதான் இருக்கிறான்’ என்று எழுத வைக்கக் கூடாது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேதான் கணக்கு. ஆனால் இங்கேயே இருப்பவர்கள் விட்டுப்போகவும் கூடாது. நடவு, அறுப்பு என்று விடியற்காலையே கிளம்பிவிடும் வீடுகள், ஒரே கதவு எண்ணில் இரண்டு மூன்று குடும்பமாக இருக்கும் வீடுகள், இவைதான் சாதாரணமாக விடுபடும். புதுத்தெருவில் அப்படி வீடுகள் அதிகம் என்று படத்திலேயே தெரிகிறது. மகளிர் குழுவில் ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொண்டு, கணக்கெடுப்பாளர் வந்து போனாரா என்று பார்த்துவிடுங்கள். 250 என்பது 220 ஆகக் குறைந்தால் மேலே நான் போட்டுக் காட்டிய கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு மூன்று தெருவும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். விஏஓவிடம் வரைபட நகலுக்கு எழுதிக் கொடுங்கள். ஒன்றிய அலுவலகம் பக்கம் அடிக்கடி போகிறவர் ஒருவரிடம் நோட்டீஸ் பலகையைப் பார்க்கும் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். புதிய கணக்கு வெளியானதும் அட்டவணையை நிரப்பி எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கூட்டல் சரியா, சர்வே எண் சரியா என்று பார்த்துத் தருகிறேன்.